ஒரே பல்கலைக்கழகத்தில் மூன்று பாடநெறிகளுக்கு விண்ணப்பிக்கலாமா?

வடலியூரான் (ஹாரோ, இலண்டன்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இங்குள்ள பாடசாலையொன்றில் பதின்மூன்றாம் ஆண்டில் கணிதம், மேலதிகக் கணிதம், பௌதிகவியல் ஆகிய மூன்றையும் உயர்தரத்தில் படிக்கிறாள். யூகாஸ் எனப்படும் பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நவம்பர் தொடக்கத்தில் தங்களிடம் ஒப்படைக்கும்படி பாடசாலை கேட்டிருப்பதால், ஐந்து தெரிவுகளையும் விரைவில் முடிவு செய்யவேண்டியிருக்கிறது.

அவளுடைய மனம் இலண்டனின் இம்பீரியல் கல்லூரி என்ற பல்கலைக்கழகத்தில் நிலைத்துவிட்டது. மாணவர்கள் வந்து பார்வையிடும் திறந்த நாளுக்குப் போய்வந்த பின்பு வேறு எந்தப் பெயரையும் அவள் ஆர்வத்தோடு சொல்வதில்லை. எங்களுக்கும் அது வசதியான இடந்தான். சவுத் ஹாரோவில் பிக்காடிலி ரயில் பாதையில் ஏறினால் மாறாமலே சவுத் கென்சிங்டனில் இறங்கலாம். விடுதிச் செலவு இல்லாமல் வீட்டிலிருந்தே படிக்க முடியும். அதனால் ஐந்து தெரிவுகளில் மூன்றை அங்கேயே கொடுக்கலாம் என்று எண்ணுகிறோம்: கணினி விஞ்ஞானம், கணிதமும் கணினி விஞ்ஞானமும் இணைந்த பட்டம், மின்னியல் மற்றும் இலத்திரனியல் பொறியியல். ஒன்று தவறினாலும் மற்றொன்று கிடைக்கும் என்பதே எங்கள் கணக்கு.

இதில் எனக்குச் சில ஐயங்கள் இருக்கின்றன. ஒரே இடத்தில் மூன்று பாடநெறிகளைக் கேட்டால், தனக்கு எது வேண்டும் என்று தெரியாத பிள்ளை என அனுமதிப் பிரிவினர் நினைப்பார்களா? ஒரு துறை நிராகரித்தால் அந்த முடிவு மற்றத் துறைகளின் முடிவையும் பாதிக்குமா? விண்ணப்பத்தில் மாணவி தன்னைப் பற்றி எழுதும் தனிப்பட்ட கூற்றில் ஒன்றைத்தான் மூன்று பாடநெறிகளுக்கும் அனுப்ப முடியும் என்கிறார்கள். அப்படியானால் அதை எதை மையமாக வைத்து எழுதுவது? உறவினர் ஒருவர், போட்டி குறைந்த பாடநெறியில் முதலில் உள்ளே நுழைந்துவிட்டு, ஓராண்டின் பின்பு கணினி விஞ்ஞானத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று உறுதியாகச் சொல்கிறார். அது நடைமுறையில் சாத்தியமா? பிள்ளைகளை இந்த வழியில் அனுப்பிய அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கரும்பலகை எழுதியது:

வணக்கம் ஐயா. நான் தெற்கு இலண்டனில் ஆறாம் படிவ (உயர்தர வகுப்பு) மாணவர்களுக்குக் கணிதம் கற்பிப்பவள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மாணவர்களின் யூகாஸ் விண்ணப்பங்களைப் பார்த்து அனுப்புவது என் பணியின் ஒரு பகுதி என்பதால், உங்கள் ஐயங்களுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

விதியைப் பொறுத்தவரை, ஐந்து தெரிவுகளில் இரண்டையோ மூன்றையோ ஒரே பல்கலைக்கழகத்தில் வைப்பதை யூகாஸ் தடுப்பதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரண்டும் இதற்கு விலக்கு: அங்கே ஒரு பாடநெறிக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம், பொதுவாக ஒரே ஆண்டில் இரண்டு இடங்களுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கவும் முடியாது. ஏனைய பல்கலைக்கழகங்களுள் சில, ஒருவருக்கு இத்தனை பாடநெறிகள்தாம் என்று தமக்கெனத் தனி வரம்பு வைத்திருக்கின்றன. வேறு சில, எத்தனைக்கு விண்ணப்பித்தாலும் ஒரே ஒரு இடத்தைத்தான் வழங்குகின்றன. ஆகவே யூகாஸின் விதியைப் படித்ததோடு நின்றுவிடாமல், அந்தந்தப் பாடநெறியின் நுழைவுப் பக்கத்தையும் அவசியம் பார்க்க வேண்டும்.

தெரிவுகளுக்கு யூகாஸில் முன்னுரிமை வரிசை கிடையாது. மகள் வேறு எங்கெங்கே விண்ணப்பித்திருக்கிறாள் என்பதும், முடிவெடுக்கும் நேரத்தில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தெரியாது. ஆனால் தன்னிடமே வந்துள்ள மூன்று விண்ணப்பங்களும் ஒரே மாணவியுடையவை என்பது அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நிச்சயமாகத் தெரியும். துறைகள் பெரும்பாலும் தனித்தனியாக முடிவெடுப்பதால், ஒன்றின் நிராகரிப்பு மற்றொன்றைத் தானாகவே கீழே இழுத்துவிடாது. நீங்கள் அஞ்சுவதுபோல் நிலையற்ற பிள்ளை என்ற எண்ணம் எழுவது, பாடநெறிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருக்கும்போதுதான். சட்டத்தையும் பொறியியலையும் சேர்த்துக் கேட்டால் அப்படித் தோன்றுவது இயல்பு. கணினி விஞ்ஞானத்தையும், கணிதத்தோடு இணைந்த கணினி விஞ்ஞானத்தையும் கேட்கும் மாணவியை எவரும் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றைக் குறித்து. தெரிவுகள் ஐந்தாக இருந்தாலும் விண்ணப்பம் ஒன்றுதான். ஒரே தனிப்பட்ட கூற்று, ஒரே ஆசிரியர் பரிந்துரை, எதிர்பார்க்கப்படும் தரங்களின் ஒரே பட்டியல் ஆகிய மூன்றுமே ஐந்து இடங்களுக்கும் அப்படியே செல்கின்றன. அதனால், ஒன்றில் எந்தக் காரணத்துக்காக நிராகரிக்கப்படுகிறாளோ, அதே காரணம் மற்ற இரண்டிலும் காத்திருக்கும். நீங்கள் குறிப்பிட்ட மூன்று பாடநெறிகளும் மிகுந்த போட்டி உள்ளவை. கணினி விஞ்ஞானமும் அதன் கணித இணைப்புப் பட்டமும் ஏ ஸ்டார் என்ற அதியுயர் தரங்களை எதிர்பார்ப்பவை. ஒரு தரம் குறைந்தால் இரண்டும் சேர்ந்தே கை நழுவும். ஒன்று தவறினால் மற்றொன்று என்ற உங்கள் கணக்கு, பாடநெறிகளின் பெயர்களை வைத்துப் போடப்பட்டிருக்கிறது. அதை, கேட்கப்படும் தரங்களை வைத்துத்தான் போட வேண்டும்.

அடுத்து நுழைவுத் தேர்வுகள். இம்பீரியலில் கணினித் துறையின் பாடநெறிகளுக்கு டி.எம்.யூ.ஏ. என்ற கணிதத் தேர்வு தேவை. மின்னியல் பொறியியலுக்கு ஈசாட் தேவை. முதலாவது, ஒவ்வொன்றும் 75 நிமிடங்கள் கொண்ட இரண்டு தாள்கள். தாளுக்கு 20 வினாக்கள், கணிப்பான் இல்லை. இரண்டாவது தாளில் தருக்கமும் நிறுவலும் கேட்கப்படுவதால், பாடசாலைக் கணிதத்தில் மிகச் சிறந்து விளங்கும் பிள்ளைகளும் பயிற்சியின்றிப் போனால் தடுமாறுகிறார்கள். ஈசாட், 40 நிமிடப் பகுதிகளாக, கணிதத்தையும் பௌதிகவியலையும் வேகமாகக் கேட்கும் வேறு வகைத் தேர்வு. மின்னியலை மூன்றாம் தெரிவாகச் சேர்ப்பது படிவத்தில் ஒரு வரியைச் சேர்ப்பதுபோல் தெரியலாம். அந்த ஒரு வரிக்காக மகள் இன்னொரு தேர்வுக்குப் பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, உயர்தரப் படிப்புக்கு நடுவே அதற்கும் ஆயத்தம் செய்ய வேண்டிவரும். ஒரு விண்ணப்பச் சுற்றில் ஒரு தேர்வை ஒரு முறைதான் எழுதலாம். ஒக்டோபர், ஜனவரி என இரு அமர்வுகள் இருந்தாலும், பதிவு முன்கூட்டியே மூடப்பட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனித் தனிப்பட்ட கூற்று. 2026ஆம் ஆண்டு நுழைவிலிருந்து இது ஒரே நீண்ட கட்டுரையாக இல்லாமல், மூன்று வினாக்களுக்கான விடைகளாக மாறியிருக்கிறது: இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள், உங்கள் கல்வி அதற்கு உங்களை எவ்வாறு ஆயத்தப்படுத்தியது, கல்விக்கு வெளியே வேறு என்ன செய்திருக்கிறீர்கள். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகளும் உட்பட, 4,000 எழுத்துருக்கள். ஒவ்வொரு விடையும் குறைந்தது 350. முதல் வினாவே "இந்தப் பாடம் ஏன்" என்று நேரடியாகக் கேட்கும்போது, மூன்று வெவ்வேறு பாடங்களுக்குப் பொதுவான விடை எழுதுவது எளிதன்று. எல்லாவற்றுக்கும் பொருந்தட்டும் என்று எழுதப்படும் கூற்றுகளை நான் ஒவ்வோராண்டும் பார்க்கிறேன். "தொழில்நுட்பம் உலகை மாற்றுகிறது, எனவே எனக்கு அதில் ஆர்வம்" என்ற அளவில் அவை நின்றுவிடுகின்றன. அதைப் படிப்பவருக்கு அந்தப் பிள்ளையைப் பற்றி எதுவுமே தெரியவருவதில்லை.

ஆனால் கணிதமும் கணினி விஞ்ஞானமும் மட்டும் என்றால் நிலைமை வேறு. இரண்டுக்கும் நடுவில் உண்மையிலேயே பொதுவான நிலம் நிறைய இருக்கிறது. எடுத்துக்காட்டாக, 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் ஆகிய மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. குறியாக்க முறையை ஒரு மாணவி ஆழ்ந்து படித்திருக்கிறாள் என்று கொள்ளுங்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கத்தொகையைக் கொண்டு அவற்றைத் திரும்பக் கண்டறிவது கடினம் என்ற இடத்திலிருந்து அந்த முறை தொடங்குகிறது. அது சரியாக இயங்கும் என்பதை நிறுவ ஃபெர்மா, ஆய்லர் ஆகியோரின் எண் கோட்பாடு வேண்டும். அதை நடைமுறையில் விரைவாகச் செய்ய, பெரிய அடுக்குகளைச் சுருக்கமாகக் கணிக்கும் படிமுறை வேண்டும். அந்த மாணவி தானே ஒரு சிறு நிரலை எழுதி, சிறிய எண்களுக்குச் செய்துபார்த்து, எண்கள் பெருகும்போது காரணிப்படுத்தல் எப்படித் திணறுகிறது என்று கவனித்திருந்தால், அந்த ஒரே பத்தி கணிதத் துறையினருக்கும் கணினித் துறையினருக்கும் நிறைவு தரும். வரைபுக் கோட்பாட்டில் மிகக் குறுகிய பாதையைக் காணும் டெய்க்ஸ்ட்ராவின் படிமுறையும் இதுபோலவே இரு பக்கமும் பேசும். இத்தகைய ஒன்று மகளிடம் உண்மையாகவே இருக்கிறதா என்று அவளிடம் கேளுங்கள். இருந்தால் அந்த இரு பாடநெறிகளையும் தயங்காமல் கொடுக்கலாம். மின்னியலுக்கோ சுற்றுகள், சமிக்ஞைகள், செய்து பார்த்த கருவிகள் ஆகியவற்றைப் பற்றி எழுத வேண்டும். அதற்கு இடம் ஒதுக்கினால் மற்ற இரண்டும் மெலிந்துபோகும். சில பல்கலைக்கழகங்கள் வேறுபட்ட பாடநெறிக்கு வேறொரு கூற்றைத் தனியே அனுப்ப இடமளிக்கின்றன என்றாலும், முதலில் கேட்டு உறுதி செய்யாமல் அதை நம்பித் திட்டமிடக் கூடாது.

ஆகவே என் கருத்து இதுதான். இம்பீரியலில் இரண்டு தெரிவுகள் போதும். மற்ற மூன்றையும், வீட்டிலிருந்து போய்வரக்கூடிய ஆனால் வெவ்வேறு தரங்களைக் கேட்கும் இடங்களில் வையுங்கள். இலண்டனில் இருப்பவர்களுக்கு அந்தப் பேறு உண்டு: மைல் எண்டில் குயீன் மேரி, ஸ்ட்ராண்டில் கிங்ஸ், உங்களுக்கு மிக அருகில் அக்ஸ்பிரிட்ஜில் புரூனல். மூன்றையும் மகளோடு நேரில் சென்று பாருங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

கரும்பலகை அவர்கள் விண்ணப்பத்தைப் பற்றி முழுமையாக எழுதிவிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் இடம் தருவதாகச் சொல்லும் வாய்ப்புகள் கைக்கு வந்த பின்பு நடப்பதையும், பாடம் மாறுவதையும் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். என் மூத்த மகன் மிட்லண்ட்ஸ் பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல், கணிதம் ஆகிய இரண்டு பாடப்பிரிவுகளுக்கு ஒரே ஆண்டில் விண்ணப்பித்து, இரண்டிலும் இடம் பெற்றவன்.

ஐந்து இடங்களின் பதிலும் வந்த பிறகு, ஒன்றை முதல் விருப்பமான உறுதித் தேர்வாகவும், மற்றொன்றை அது தவறினால் போவதற்கான காப்புத் தேர்வாகவும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிட வேண்டும். இந்த இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவையாக இருப்பதற்குத் தடை இல்லை. ஆனால் இரண்டும் ஒரே மதிப்பெண்ணைக் கேட்டால், காப்புத் தேர்வு என்பது பெயருக்குத்தான்: ஆகஸ்ட் நடுவில் முடிவுகள் வரும் நாளில் உறுதித் தேர்வு கை நழுவினால் காப்பும் உடன் நழுவும். என் மகனுக்கு வந்த இரண்டு வாய்ப்புகளும் ஒரே மதிப்பெண் நிபந்தனையோடு வந்தன. ஆகவே இரண்டில் தனக்கு அதிகம் பிடித்த இயற்பியலை உறுதியாக வைத்துக்கொண்டு, காப்புக்கு மதிப்பெண் குறைவாகக் கேட்ட வேறொரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டான். ஒரே இடத்தில் கிடைத்த இரண்டாவது வாய்ப்பால் அவனுக்குக் கிடைத்த பயன், எந்தப் பாடம் என்று யோசிக்க வசந்த காலம் வரை அவகாசம் கிடைத்தது என்பதுதான். சில பிள்ளைகளுக்கு அதுவே பெரிய உதவி என்பதையும் மறுக்கவில்லை.

மதிப்பெண் சற்றே குறைந்தால், அதே பல்கலைக்கழகம் தானாகவே வேறொரு பாடப்பிரிவில் இடம் தருவதும் உண்டு. அதை ஏற்கவும் மறுக்கவும் மாணவருக்கு உரிமை இருக்கிறது. அதாவது, அந்தப் பாடப்பிரிவுக்கு முன்பே ஒரு தெரிவைச் செலவிடாமலும் அது கிடைக்கக்கூடும். ஆனால் அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

உள்ளே நுழைந்துவிட்டு மாறிக்கொள்ளலாம் என்று உங்கள் உறவினர் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். மாறுவதற்குச் சேரவேண்டிய துறையில் இடம் இருக்க வேண்டும், அத்துறையின் சம்மதம் வேண்டும், முதலாண்டில் படித்தவை அங்கே பொருந்த வேண்டும். கணினி அறிவியல் போன்று நெரிசல் மிகுந்த துறைகளில் முதல் நிபந்தனையே நிறைவேறுவது அரிது. பின்வாசல் வழி இருக்கிறது என்று ஊரெல்லாம் பேசப்படும் துறைகளே அந்தக் கதவை இறுக்கமாக மூடி வைத்திருக்கின்றன. ஒரே துறைக்குள், மூன்றாண்டு இளங்கலையிலிருந்து நான்காண்டு ஒருங்கிணைந்த முதுகலைக்கு மாறுவது வேறு விஷயம். மதிப்பெண் இருந்தால் அது பல இடங்களில் வழக்கமாக நடப்பது. அதனால்தான் ஒரே பாடத்தின் அந்த இரு வடிவங்களுக்கும் தனித்தனியாக இரண்டு தெரிவுகளைச் செலவிடுவது பெரும்பாலும் வீண் என்கிறேன். ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் பட்டம் நான்கு ஆண்டுகள் நடப்பதால், பல பாடப்பிரிவுகளில் முதல் இரண்டு ஆண்டுகளில் வேறு பாடங்களையும் சேர்த்துப் படித்து, பின்பு திசை மாற இடம் இருக்கிறது. உண்மையிலேயே முடிவெடுக்க முடியாத பிள்ளைக்கு அது நல்ல வழி. உங்கள் மகள் வீட்டிலிருந்தே படிக்க விரும்புவதால் அது உங்களுக்குப் பொருந்தாது.

பணத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 2025-26 கல்வியாண்டில் இளங்கலைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 9,535 பவுண்டு. கட்டணக் கடன், பொதுவாகப் பட்டத்தின் கால அளவோடு ஓராண்டு கூட்டிக் கணக்கிடப்படுகிறது. பாடம் மாறி முதலாண்டை மறுபடி தொடங்கும் பிள்ளை அந்தக் கூடுதல் ஆண்டைத் தொடக்கத்திலேயே செலவழித்துவிடுகிறது. பின்னர் நோயாலோ வேறு இடராலோ ஓராண்டு மீண்டும் படிக்க நேர்ந்தால் கையில் எதுவும் மிச்சமிருக்காது. வாழ்க்கைச் செலவுக் கடனிலும் வேறுபாடு உண்டு. அதே ஆண்டில் பெற்றோருடன் தங்கிப் படிப்பவருக்கு அதிகபட்சம் 8,877 பவுண்டு. இலண்டனுக்கு வெளியே தனியே தங்குபவருக்கு 10,544. இலண்டனில் தனியே தங்குபவருக்கு 13,762. குடும்ப வருமானத்தைப் பொறுத்து இவை குறையும். வீட்டிலிருந்து படிப்பதுதான் சிக்கனம் என்று நாம் எல்லோரும் எண்ணுகிறோம், பெரும்பாலும் அது சரியே. ஆனால் அந்த ஒரு காரணத்துக்காக நல்ல காப்புத் தேர்வு ஒன்றை வெளியூரில் இருக்கிறது என்று தள்ளிவிட வேண்டாம்.

நெய்தல் எழுதியது:

அண்ணா, உங்கள் மகளின் பாடம் வேறு என்றாலும், இதே கேள்வியோடு வரக்கூடிய மருத்துவ விண்ணப்பதாரர்களின் பெற்றோருக்காக எழுதுகிறேன். மருத்துவத்துக்கு ஐந்து தெரிவுகளில் நான்கைத்தான் பயன்படுத்தலாம். ஐந்தாவது வேறொரு பாடமாக இருக்க வேண்டும். விண்ணப்பம் ஒக்டோபர் 15ஆம் திகதிக்குள் போய்ச் சேர வேண்டும். மற்றப் பாடங்களுக்கு ஜனவரி நடுப்பகுதி வரை காலம் இருக்கிறது. எங்கள் சமூகத்தில் பெரும்பாலான குடும்பங்கள், மருத்துவத்துக்கு விண்ணப்பித்த நான்கு இடங்களுள் ஒன்றிலேயே உயிர்மருத்துவ விஞ்ஞானத்தை ஐந்தாவது தெரிவாக வைக்கின்றன. எங்கள் மகனுக்கும் அப்படியே செய்தோம்.

அங்கே தனிப்பட்ட கூற்று முழுவதும் மருத்துவத்தைப் பற்றியே இருக்கும் என்பது உயிர்மருத்துவத் துறையினருக்கு நன்றாகத் தெரியும். பலர் அதைக் குறையாகக் கொள்வதில்லை. என் மனத்தில் பட்ட குறை வேறு. ஐந்தாவது தெரிவை நிரப்புகையில், அந்தப் பாடநெறியில் மூன்று ஆண்டுகள் என்ன படிப்பிக்கிறார்கள் என்று எங்கள் வீட்டிலும், எங்களுக்குத் தெரிந்த வீடுகளிலும் யாரும் ஆற அமர்ந்து பார்ப்பதில்லை. மருத்துவம் கிடைக்காத பிள்ளைகள் ஆகஸ்டில் அந்தப் பாடத்துக்குத்தான் போகிறார்கள். என் மகன் அந்தப் பாடத்தை விரும்பிப் படித்து, இப்போது ஆய்வுகூடத்தில் பணிபுரிகிறான் என்பதில் மகிழ்ச்சியே. அவனுடன் சேர்ந்த சில பிள்ளைகளோ, மருத்துவம் இல்லையே என்ற ஏக்கத்தோடு மூன்று ஆண்டுகளையும் கழித்தார்கள். கடைசித் தெரிவையும், அது மட்டுமே கிடைத்தால் மகிழ்ச்சியோடு போவாளா என்று மகளிடம் கேட்டபின் எழுதுங்கள்.

மயிலாப்பூர்வாசி எழுதியது:

சென்னையிலிருந்து பிரிட்டனில் முதுகலை படிக்க விண்ணப்பிப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு சிறு சேர்க்கை. முதுகலையில் பெரும்பாலும் யூகாஸ் கிடையாது; ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் நேரடியாக விண்ணப்பிக்கிறோம், ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனி நோக்க அறிக்கை எழுதலாம். ஆகவே ஒரே இடத்தில் இரண்டு பாடப்பிரிவுகளைக் கேட்பது இளங்கலையைவிட எளிது. எத்தனை அனுமதிக்கப்படும் என்பதும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டா என்பதும் இடத்துக்கு இடம் மாறும்.

சிக்கல் வருவது விசாவின்போது. மாணவர் விசாவுக்கான சேர்க்கை உறுதி எண் ஒரு குறிப்பிட்ட பாடப்பிரிவுக்காக வழங்கப்படுகிறது. இந்தியா, இலங்கை போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள் சில அறிவியல், பொறியியல் முதுகலைப் படிப்புகளுக்கு ஏட்டாஸ் என்னும் பாதுகாப்பு அனுமதிச் சான்றிதழையும் பெற வேண்டும். அதுவும் குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கு மட்டுமே செல்லும். இரண்டு பாடப்பிரிவுகளிலும் இடம் கிடைத்து, எதில் சேர்வது என்று ஜூலை வரை தள்ளிப்போட்டால், சான்றிதழுக்கும் விசாவுக்கும் காலம் போதாமல் போகும். முடிவைச் சீக்கிரம் எடுங்கள்.

வடலியூரான் எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. இவற்றை மகளையும் வாசிக்கச் சொன்னேன். மின்னியலைத் தானே விட்டுவிட்டாள். அதைச் சேர்க்க வேண்டும் என்பது உண்மையில் என்னுடைய விருப்பமாகவே இருந்தது என்பதும் அப்போது தெளிவாயிற்று. இம்பீரியலில் கணினி விஞ்ஞானமும் இணைப்புப் பட்டமும், குயீன் மேரி, கிங்ஸ், புரூனல் ஆகியவற்றில் கணினி விஞ்ஞானமும் என்ற ஒழுங்கில் இப்போது யோசிக்கிறோம். கரும்பலகை அவர்களிடம் இன்னும் இரண்டு விடயங்கள் கேட்க வேண்டும். இம்பீரியலில் இரண்டு பாடநெறிகளும் ஏறத்தாழ ஒரே துறையினரிடம் போவதால், இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்கலாமா? ஆசிரியர் பரிந்துரையில் இரண்டு பாடங்களும் குறிப்பிடப்பட வேண்டுமா?

கரும்பலகை எழுதியது:

கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். இணைப்புப் பட்டத்தைக் கணினித் துறையும் கணிதத் துறையும் சேர்ந்து நடத்துவதால், உங்கள் ஐயம் நியாயமானது. அனுமதிப் பிரிவுக்கு மகளே தன் பெயரில் மின்னஞ்சல் எழுதட்டும். பெற்றோர் எழுதினால் பல இடங்களில் மாணவரைத் தொடர்புகொள்ளச் சொல்லியே பதில் வரும். இரண்டையும் தனித்தனியாகப் பரிசீலிப்பார்களா, இரண்டுக்கும் வாய்ப்பு வழங்கும் வழக்கம் உண்டா என்ற இரண்டை மட்டும் சுருக்கமாகக் கேட்டால் போதும். ஒன்றை மட்டுமே பார்ப்போம் என்று பதில் வந்தால், இரண்டாவது தெரிவை வேறு பல்கலைக்கழகத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

பதில் வரத் தாமதமானாலும் விண்ணப்பம் நிற்க வேண்டியதில்லை. ஐந்தையும் ஒரே நேரத்தில் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான்கோடு அனுப்பிவிட்டு ஐந்தாவதைப் பின்னர் சேர்க்கலாம். ஆனால் ஜனவரி எல்லைத் திகதிக்கு முன்பு சேர்த்தால்தான் எல்லோரோடும் சமமாகப் பரிசீலிக்கப்படும். அனுப்பிய தெரிவை மாற்ற விரும்பினால், யூகாஸின் வரவேற்பு மின்னஞ்சலில் உள்ள திகதியிலிருந்து 14 நாட்களுக்குள் மாற்ற முடியும்.

பரிந்துரையைப் பொறுத்தவரை, பாடநெறியின் பெயரை எழுதுவது முக்கியமன்று. பரிந்துரை எழுதும் ஆசிரியருக்கு மகளின் தெரிவுப் பட்டியலையும் கூற்றின் வரைவையும் இப்போதே கொடுத்துவிடுங்கள். மேலதிகக் கணித வகுப்பில் அவள் நிறுவல்களை எப்படி அணுகுகிறாள், கடினமான கணக்கோடு எவ்வளவு நேரம் பொறுமையாக இருக்கிறாள் என்பன போன்ற குறிப்புகள் இரு பாடநெறிகளுக்கும் ஒரே அளவில் உதவும். அவற்றை அந்த ஆசிரியரால் மட்டுமே எழுத முடியும். அதற்கு அவருக்குச் சில வார அவகாசம் வேண்டும். டி.எம்.யூ.ஏ. பதிவை மட்டும் நாளைக்கென்று ஒத்திவைக்காதீர்கள். அமர்வின் பதிவு மூடப்பட்டால், இம்பீரியலின் இரு தெரிவுகளும் ஒன்றாகவே போய்விடும்.